8 அங்குலப் பலகையைப் பிளக்க எந்தப் பேண்ட் சா?

8 அங்குல அகலப் பலகையைப் பிளக்க 10 அங்குல பேண்ட் சா (சக்கரங்களில் வளையமாக ஓடும் பிளேடு கொண்ட ரம்ப மெஷின்) போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 10 என்பது சக்கரத்தின் விட்டம், பிளக்கும் உயரம் அல்ல. 8 அங்குலப் பலகையை நிமிர்த்திப் பிளக்க, மேசைக்கும் மேல் கைடுக்கும் (பிளேடு விலகாமல் பிடிக்கும் பாகம்) உள்ள அதிகபட்ச இடைவெளியைப் பாருங்கள். 14 அங்குல வார்ப்பிரும்பு மெஷின் பலவற்றில்கூட அது 6 அங்குலம்தான். மெஷினின் உயரத்தைக் கூட்டும் ரைசர் பிளாக் என்ற துண்டை வைத்தால் 12 வரை போகும். மோட்டார் 1.5 ஹெச்பி இருந்தால் திணறாது.

பிளேடு அரை அங்குல அகலம், அங்குலத்துக்கு 3 பல். பல் நெருக்கமாக இருந்தால் தூள் பல்லிடுக்கில் அடைத்து, பிளேடு சூடேறி, வெட்டு நடுவில் வளைந்து வயிறு தள்ளிவிடும். பிளேடின் டென்ஷன் (இழுவிசை) தளர்ந்தாலும் இதே கதிதான். மேல் கைடைப் பலகைக்குக் கால் அங்குலம் மேலே நிறுத்துங்கள். சின்ன மெஷினிலும் முக்கால் அங்குல பிளேடு ஓடும் என்பார்கள், நம்பாதீர்கள். அதற்கு வேண்டிய இழுவிசையை அந்த மெஷினின் சட்டகம் தாங்காது.