சைலேஜ் போடுகிற வீட்டில் புண்ணாக்கு எவ்வளவு? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கம்பு நேப்பியர் புல் சைலேஜ்தான் (காற்றுப் புகாமல் ஊறவைத்த பசும்புல்) பிரதான தீவனம். கலப்பின மாடு, 12 லிட்டர் கறவை. கடலைப் புண்ணாக்கைக் கூட்டியும் பால் ஏறவில்லையே?

பதில்: சைலேஜ் ஊறும்போதே புல்லின் புரதத்தில் பெரும்பகுதி உடைந்துவிடும். மாட்டின் முதல் வயிற்றில் அது சட்டென அம்மோனியாவாகிறது. கடலைப் புண்ணாக்கும் அங்கேயே கரைகிற சரக்கு. அம்மோனியாவைப் பிடித்துப் புரதமாக்க நுண்ணுயிரிகளுக்கு மாவுச்சத்து வேண்டும். அது போதாவிட்டால் ஈரல் அம்மோனியாவை யூரியாவாக்கி மூத்திரத்திலும் பாலிலும் தள்ளும்.

12 கிலோ உலர்பொருளில் (தீவனத்தில் ஈரம் போக மிஞ்சுவது) 16% புரதம் என்றால் அந்தப் புரதத்தோடு உள்ளே போகும் நைட்ரஜன் 307 கிராம். பாலில் வருவது சுமார் 62 கிராம், ஐந்தில் ஒரு பங்குதான். புண்ணாக்கில் 650–700 கிராம் குறைத்து, அதே எடைக்கு மக்காச்சோளக் குருணை சேருங்கள். புரதம் 14% ஆகும். இந்தக் கறவைக்குப் போதும். பத்து நாளில் படிப்படியாக மாற்றி, வேளைக்குக் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரே வேளையில் கொட்டினால் அமில நோய் வரும்.

கேள்வி: சைலேஜில் அம்மோனியா நெடி அடிக்கிறது.

பதில்: ஈரத்தோடு நிரப்பியிருப்பீர்கள். நேப்பியரில் ஈரம் அதிகம், சர்க்கரை குறைவு. வெட்டி ஒரு பகல் வாட விட்டு, 2–3 செ.மீ. துண்டாக்கி, டன்னுக்கு 20 கிலோ வெல்லப்பாகு தெளித்து, காற்றுப் போக மிதியுங்கள். கையில் பிழிந்தால் சாறு சொட்டக் கூடாது.

கேள்வி: அடர்தீவனத்தில் யூரியா கலக்கலாமா?

பதில்: கூடாது. கரையும் நைட்ரஜன் ஏற்கெனவே மிச்சம். அளவு தப்பினால் மாடு செத்துவிடும்.

கேள்வி: புண்ணாக்கைக் குறைத்தால் கொழுப்பு இறங்கும், சொசைட்டியில் விலை அடிபடும். உங்கள் கணக்கை ஏற்க முடியாது.

பதில்: கொழுப்பு பெரும்பாலும் நார்ச்சத்திலிருந்து வருகிறது அண்ணா. பருத்திக்கொட்டை வைத்துக் கொழுப்பு ஏறினால் அது எண்ணெயின் வேலை. என் வார்த்தையை நம்ப வேண்டாம். பாலில் யூரியா நைட்ரஜன் பார்க்கச் சொல்லுங்கள். டெசிலிட்டருக்கு (100 மி.லி.) 10–14 மி.கி. சரியான அளவு. அதற்கு மேலே நின்றால் புண்ணாக்குக் காசு மூத்திரத்தில் போகிறது. 8-க்குக் கீழே இறங்கினால் புரதம் பற்றவில்லை, தாராளமாகக் கூட்டுங்கள்.

கேள்வி: 12 லிட்டர் மாட்டுக்குப் புண்ணாக்கு எத்தனை கிலோ?

பதில்: இத்தனை கிலோ என்று நான் சொல்லவில்லை. முதல் பதிலில் சொன்னபடி, இப்போது கொடுப்பதில் 650–700 கிராம் குறையுங்கள்.

கேள்வி: கன்றுக்கு யூரியா வைக்கோல் (யூரியாக் கரைசல் தெளித்து ஊறவைத்த வைக்கோல்) கொடுக்கலாமா?

பதில்: ஆறு மாதம் ஆகும்வரை யூரியா எந்த வடிவிலும் வேண்டாம்.