மூன்று நாள், நான்கு கல்லூரி: காரைக்குடி கேம்பஸ் பயணம் பற்றிக் கேட்டவை

ஆள் எடுக்கும் வேலையாகப் பதினோரு வருடமாகச் செட்டிநாட்டுக் கல்லூரிகளுக்குப் போய் வருகிறேன். இந்த வருடச் சுற்று போன வாரம்தான் முடிந்தது. வந்திருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, எச்.ஆர். வேலைக்குப் புதிது நான். முதல் தடவையாகக் காரைக்குடிக்கு அனுப்புகிறார்கள். மூன்று நாளில் நான்கு கல்லூரி முடியுமா?

முடியும், உடம்பு தாங்கினால். 1952-இல் தொடங்கிய அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி, 1985-இல் வந்த அழகப்பா பல்கலைக்கழகம், சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் மூன்றுமே ஊருக்குள்தான். மின்வேதியியல் படித்த பிள்ளைகள் வேண்டுமென்றால் சிக்ரியை விட்டுவிடாதீர்கள். அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இந்த ஊருக்குக் கொண்டுவந்த நிறுவனம் அது. பேட்டரி வேலைக்கு அங்கே படித்தவர்களிடம் அடிப்படை உறுதியாக இருக்கும்.

கல்லூரிக்குக் கல்லூரி போகும் நேரம் பெரிதில்லை, ஊர் வந்து சேருவதுதான் பாடு. திருச்சி, மதுரை இரண்டு விமான நிலையமும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். முகூர்த்த நாளா என்று காலண்டரைப் பார்த்துவிட்டுத் தேதி குறியுங்கள். கல்யாண நாளில் இங்கே அறை கிடைக்காது.

டெஸ்ட் நடுவில் நெட் போய்விட்டால் என்ன செய்வீர்கள்?

எனக்கு நடந்திருக்கிறது. ஒரு கல்லூரியில் 140 பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபின் கரண்ட் போனது. யு.பி.எஸ். பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. திரும்ப ஆரம்பிக்க மூன்று மணி ஆனது, கடைசி இன்டர்வியூ முடிய இரவு எட்டரை. வெளியே வந்தால் வாசலில் இருட்டில் நாலைந்து அப்பாக்கள் டிவிஎஸ் 50-ஐ நிறுத்திவிட்டு நிற்கிறார்கள். கடைசி டவுன் பஸ் போய்விட்டது என்று பெண்கள் போன் பண்ணி வரவழைத்திருக்கிறார்கள். அந்த முகங்களைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை.

அதிலிருந்து அச்சடித்த வினாத்தாள் ஒரு கட்டு என் பையில் எப்போதும் இருக்கும். பெயர் பதியும்போதே "எந்த ஊர், கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டு எழுதிக்கொள்வேன். தூரத்து ஊர்க்காரர்களுக்கு இன்டர்வியூ முதலில், ஹாஸ்டல் பிள்ளைகளுக்குக் கடைசியில். சி.ஜி.பி.ஏ. மதிப்பெண் வரிசையிலோ அகர வரிசையிலோ கூப்பிட வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை.

மேடம், நான் தமிழ் மீடியம். தெரிந்த பதிலும் இங்கிலீஷில் வரமாட்டேன் என்கிறது.

தம்பி, திணறும் இடத்தில் "தமிழில் சொல்லட்டுமா?" என்று நேராகக் கேளுங்கள். ஆத்தங்குடிப் பெண் ஒருத்தி என் முன்னால் ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அப்பா என்ன வேலை என்று கேட்டேன். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் பட்டறை என்றாள். சரி, அந்த வேலையைத் தமிழிலேயே சொல் என்றேன். கண்ணாடிமேல் அச்சை வைத்து வர்ணம் ஊற்றுவது, அதன்மேல் காய்ந்த சிமென்ட் கலவை தூவுவது, பிறகு ஈரக்கலவை போட்டு மட்டம் தட்டுவது, தண்ணீரில் ஊறப்போடுவது என்று வரிசையாகச் சொன்னாள். எந்தப் படியில் அவசரப்பட்டால் கல் வெடிக்கும் என்பது வரைக்கும் சொன்னாள். உற்பத்தித் திட்டமிடல் வேலைக்கு இதைவிட வேறென்ன தெரிய வேண்டும்? அன்றே எடுத்தோம். இங்கிலீஷ் ஆறு மாதத்தில் வந்துவிட்டது.

கல்லலிலிருந்து ஓர் அம்மா: மகளிடம் இரண்டு வருடம் வேலையை விடமாட்டேன் என்று பாண்டும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கேட்கிறார்கள். கொடுக்கலாமாம்மா?

ஒரிஜினலைக் காட்டச் சொல்லுங்கள், சரிபார்த்ததும் கையோடு வாங்கி வந்துவிட வேண்டும். அவர்களிடம் விட்டு வர வேண்டாம். பாண்டில் போட்டிருக்கும் தொகையைப் பார்த்துப் பயப்படாதீர்கள் அம்மா. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு, அவ்வளவுதான். கையெழுத்துக்கு முன்னால் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். வேலைக்கென்று பணம் கட்டச் சொன்னால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள்.

சாப்பாடு எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

காலையில் இடியாப்பமும் கத்தரிக்காய்க் கோசமல்லியும் வயிறார. மதியம் தயிர்சாதம் போதும். விருந்துச் சாப்பாடு சாப்பிட்டால் மூன்று மணிக்கு வரும் பிள்ளை பேசுவது காதில் ஏறாது.

நான் பிளேஸ்மென்ட் ஆபீசர். வந்து போகும் கம்பெனிகள் முடிவு சொல்ல வாரக்கணக்கில் இழுக்கிறார்கள். நீங்கள் எப்படி, மேடம்?

தேர்வானவர்கள் பட்டியல் அன்று சாயங்காலமே உங்கள் கையில் இருக்கும். தேர்வாகாதவர்களுக்கு எங்கே குறை என்று ஆளுக்கு இரண்டு வரியாவது எழுதி அனுப்புகிறேன் சார். கடைசி நாள் விடியலில் பல்லவன் ரயிலில் ஏறியதும் எழுதத் தொடங்குவேன். எழும்பூரில் இறங்குவதற்குள் எல்லாருக்கும் போய்விடும்.