பிக்கப் வண்டியின் பின் ஆக்சிலில் ஆயில் கசிகிறது, சீல் மாற்றியும் நிற்கவில்லை. எங்கிருந்து கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் எழுதியிருப்பது: லோடு அடிக்கும் பிக்கப், பின்பக்கம் இடது சக்கரத்தில் ஆயில் வழிகிறது, சீல் (ஷாஃப்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இரண்டு தடவை மாற்றியாயிற்று, மூன்று மெக்கானிக்குகள் மூன்று இடத்தைக் காட்டுகிறார்கள். மூன்று பேரும் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆயில் கிளம்புகிற இடம் ஒன்று, சொட்டுகிற இடம் வேறொன்று. ஓடும்போது காற்று அதைப் பின்னால் அடிக்கும், நின்றபின் ஹவுசிங்கின் (ஆக்சிலை மூடியிருக்கும் இரும்புக் கூடு) வளைவில் ஒழுகிக் கீழே தொங்கும். நனைந்த இடத்தைப் பார்த்து ஆளுக்கு ஒன்று சொல்லியிருப்பார்கள்.

நான் திண்டுக்கல் பக்கம் லோடு வண்டிகள் வருகிற ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் வண்டிகளும், கொடைக்கானல் மலை ஏறி இறங்கும் வண்டிகளும்தான் எங்களுக்கு அதிகம். பின் ஆக்சில் கசிவு என்று வந்தால் ஸ்பானரை எடுப்பதற்கு முன் நாங்கள் பார்ப்பது இவை.

முதலில், கசிவது என்ன? இதைக் கேட்காமலே பாதிப் பேர் சீல் வாங்கக் கடைக்குப் போய்விடுகிறார்கள். விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். டிஃபரன்ஷியலில் (பின் ஆக்சிலின் நடுவில் உருண்டையாக இருக்கும் கியர் பகுதி) ஊற்றுகிற கியர் ஆயிலில் கந்தகம் கலந்த மருந்து இருக்கும், அந்த நாற்றம் மூக்கை விட்டுச் சீக்கிரம் போகாது. கெட்டியாக இருக்கும், தண்ணீர் ஊற்றினால் கலக்காது. பிரேக் ஆயில் தண்ணீராக ஓடும், தண்ணீரில் கழுவினால் போய்விடும், பட்ட இடத்தில் பெயிண்டை உரிக்கும், மேலே பிரேக் ஆயில் டப்பாவில் அளவும் குறைந்திருக்கும். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் அது ஆக்சில் சீலாகவும் இருக்கலாம், பிரேக் டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டராகவும் இருக்கலாம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இன்னொன்று, கியர்பாக்ஸின் பின் சீல் போயிருந்தால் அந்த ஆயில் காற்றில் பறந்து வந்து பின் ஆக்சில் முழுக்கப் பூசிவிடும். ஆகவே வண்டிக்குக் கீழே படுத்து முன்னாலிருந்து பின்னால் பாருங்கள். நனைந்திருப்பதில் எல்லாவற்றுக்கும் முன்னாலும் மேலேயும் இருக்கிற ஈரம்தான் முக்கியம்.

அடுத்து, கழுவுங்கள். டீசலும் பிரஷும் போட்டு ஹவுசிங், டிரம்மின் பின் தகடு, பினியன் முகப்பு (புரொப்பெல்லர் ஷாஃப்ட் டிஃபரன்ஷியலில் வந்து சேரும் இடம்) எல்லாவற்றையும் சுத்தமாகத் தேய்த்து, துடைத்து, காய விடுங்கள். தண்ணீர் கன் வைத்து சீலையும் பிரீதரையும் (ஹவுசிங் காற்று விடும் துளை) நோக்கி நேராக அடிக்காதீர்கள். காய்ந்தபின் சந்தேகமான இடங்களில் எல்லாம் முகத்துக்குப் போடும் சாதாரண டால்கம் பவுடரைத் தூவுங்கள். லோடோடு இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் எங்கே முதலில் கறுத்திருக்கிறதோ அங்கேதான் வாய். காலி வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு "கசிவே இல்லையே" என்று சொல்வதில் பயனில்லை, லோடில் ஆக்சில் சூடாகி நெளியும்போதுதான் பல கசிவுகள் வெளியே வரும். புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம் கலந்து பார்க்கிற முறையும் உண்டு. நல்லதுதான், ஆனால் பவுடரில் தெரியாத கசிவு லோடு வண்டியில் அபூர்வம்.

இப்போது பிரீதர். ஆக்சில் ஹவுசிங்கின் மேலே சின்ன மூடியாகவோ, சேஸிஸ் வரை ஏறிப் போகும் டியூப்பாகவோ இருக்கும். இதைப் பார்க்காமல் சீல் மாற்றுவது வெட்டி வேலை. ஹவுசிங்குக்குள் இருக்கும் காற்று 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடானால், வெளியேற வழி இல்லாத பட்சத்தில் அதன் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு ஏறும். கிட்டத்தட்ட 3 பிஎஸ்ஐ. அந்த அழுத்தம் ஆயிலைத் தள்ளிக்கொண்டு, இருப்பதிலேயே பலவீனமான சீல் வழியாக வெளியேறும். புது சீல் போட்டால் கொஞ்ச நாள் தாங்கும், பிறகு அதுவும் வழியும், அல்லது அடுத்த பக்கத்துச் சீல் வழியும். சோதிப்பது எளிது. ஓடி வந்த சூட்டில், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஆயில் ஊற்றும் பிளக்கை மெதுவாக ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். "புஸ்" என்று காற்று வந்தால் பிரீதர் அடைத்திருக்கிறது. முகத்தைத் தள்ளி வையுங்கள், உள்ளே இருப்பது கொதிக்கிற ஆயில்.

சேறும் தூசியும் அடைப்பது ஒரு பக்கம். புது பெயிண்ட் அடித்து எஃப்சிக்குக் (தகுதிச் சான்று) கொண்டுபோன வண்டிகளில் பிரீதர் மூடிமேலேயே பெயிண்ட் அடித்து ஒட்டவைத்திருப்பதையும் பார்க்கிறோம். அடைத்த பிரீதரால் இன்னொரு வில்லங்கம் உண்டு. சூடான ஆக்சில் மழைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், சீல் வழியாகவே தண்ணீரை உள்ளே இழுக்கும். பிளக்கைத் திறந்தால் ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கும். அப்படி இருந்தால் கசிவை விட்டுவிட்டு முதலில் ஆயிலை மாற்றுங்கள், பேரிங் துருப்பிடிக்கும் முன்னால்.

சூடு ஆறியதும் அதே பிளக்கைத் திறந்து அளவையும் பார்த்துவிடுங்கள். ஆயில் ஆறியபின் அந்த ஓட்டையின் கீழ் விளிம்பு வரைதான் இருக்க வேண்டும். "கசியுதே, கூடக் கொஞ்சம் கிடக்கட்டும்" என்று வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி வைத்து நிறைத்துவிடுகிற பழக்கம் சில டிரைவர் அண்ணன்மாரிடம் உண்டு. கூடுதலாக ஊற்றியது முழுக்க டிரம்முக்குத்தான் போகும்.

இனி உங்கள் இடது சக்கரத்துக்கு வருவோம். வண்டியின் பின் சக்கர நடுவைப் பாருங்கள். நடுவில் ஹப் வெளியே துருத்திக்கொண்டு, அதன் முகத்தில் சுற்றிலும் போல்ட் இருந்தால் அது முழுமிதவை (ஃபுல் ஃப்ளோட்டிங்) ஆக்சில். அங்கே வெளிப்பக்கம் ரிம்மில் நடுவிலிருந்து ஆயில் கோடு கோடாகச் சிதறியிருந்தால் கோளாறு அந்த ஆக்சில் முகப்பின் பேக்கிங், சீல் அல்ல. சக்கரத்தைக் கழற்றாமலே ஆக்சிலை உருவிப் பேக்கிங் மாற்றிவிடலாம். டயரின் உள்பக்கம் நனைந்தால்தான் ஹப் சீல். நடுவில் அப்படி ஹப் இல்லாமல் தட்டையாக இருந்தால் பாதிமிதவை (செமி ஃப்ளோட்டிங்). இதில் ஆக்சில் ஷாஃப்டே சக்கரத்தின் பாரத்தையும் சுமக்கும், பேரிங் ஷாஃப்டின்மேலேயே உட்கார்ந்திருக்கும். சின்ன பிக்கப்புகளில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஒரே பக்கம் இரண்டு சீல் போயிருக்கிறது என்றால் சீலைக் குறை சொல்லாதீர்கள். பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். லடலடவென்று ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. ஷாஃப்ட் ஆடும்போது சீலின் உதடு ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் வாய் பிளக்கும். பேரிங்கை விட்டுவிட்டு எத்தனை சீல் போட்டாலும் கதை இதுதான்.

ஆட்டம் இல்லையா? ஷாஃப்டை உருவி, சீல் உதடு உரசும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கினால் பள்ளம் விழுந்திருக்கிறது. புது சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்து அதே மாதிரி கசியும். லேத்தில் கொடுத்து மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம், இல்லையென்றால் ஹவுசிங்கில் இடம் இருக்கும்பட்சத்தில் சீலை இரண்டு மில்லிமீட்டர் முன்பின்னாக உட்காரவைத்து உதடு புது இடத்தில் படும்படி செய்யலாம்.

மாட்டிய விதத்தையும் விசாரியுங்கள். சீலின் ஸ்பிரிங் தெரியும் முகம் ஆயில் பக்கம் இருக்க வேண்டும். உதட்டில் ஆயிலோ கிரீஸோ தடவாமல் காய்ந்தபடி போட்டால் முதல் சில கிலோமீட்டரிலேயே கருகும். எல்லாவற்றையும்விட அதிகம் நடப்பது, ஷாஃப்டை உள்ளே விடும்போது அதன் பாரம் முழுவதும் சீல்மேல் சாய்வதும், ஷாஃப்ட் நுனியில் உள்ள ஸ்பிளைன் பல் உதட்டைக் கீறுவதும். ஷாஃப்டைக் கையில் தாங்கி நேராக விட வேண்டும், அவசரத்தில் ஒருவர் தனியாகக் குத்தி ஏற்றினால் மாட்டும்போதே சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் இடது பக்கம் மட்டும் கசிந்தால், ஹவுசிங் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓவர்லோடில் ஓடிய வண்டிகளில் இது வரும். டியூப் வளைந்தால் ஷாஃப்ட் சீலின் நடுவில் சுற்றாது. அடையாளம், அந்தப் பக்கத்து டயர் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்திருக்கும். ஹவுசிங்கும் டியூப்பும் சேரும் வெல்டிங், ஸ்பிரிங் கட்டு உட்காரும் இடம், இரண்டையும் கழுவிப் பார்த்தால் முடிபோல வெடிப்பு தெரியலாம். ஆயில் அங்கிருந்தே கிளம்பி டிரம் தகடுவரை ஓடி, சீல் கசிவு மாதிரி நடிக்கும். நம் சாலைகள் இடது ஓரத்துக்குச் சரிந்திருப்பதால் ஆயிலும் கொஞ்சம் இடது டியூப் பக்கம்தான் ஒதுங்கி நிற்கும். வலதுபுறம் காய்ந்திருக்கிறது என்பதால் அந்தச் சீல் நல்லது என்று நம்பிவிட வேண்டாம்.

பினியன் சீல் போனால் வேறு மாதிரி தெரியும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்ட் சுற்றும் வேகத்தில் ஆயில் சிதறி, மேலே பாடியின் அடியில் குறுக்காக ஒரு கோடு போட்டிருக்கும். ஃபிளாஞ்சை (அந்த ஜாயிண்ட் பினியனில் போல்ட்டால் சேரும் தட்டு) பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆடினால் பினியன் பேரிங். இந்த வேலையைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள். பல வண்டிகளில் இரண்டு பினியன் பேரிங்குக்கும் நடுவில் நசுங்கும் காலர் ஒன்று இருக்கும், அந்த நட்டை இறுக்குகிற அளவில்தான் பேரிங்கின் இறுக்கமே அமையும். சீல் மாற்றிவிட்டு ஏர் கன்னால் "டர்ர்" என்று இறுக்கினால் காலர் கூடுதலாக நசுங்கி, பேரிங் இறுகி, சில நாளில் கிரவுன் பினியனே ஊளையிடும். கழற்றும் முன் நட்டு, ஃபிளாஞ்ச், பினியன் ஷாஃப்ட் மூன்றிலும் சேர்த்துப் பஞ்ச் குறி போடச் சொல்லுங்கள். குறி போடாமல் கழற்ற வரும் ஆளிடம் வண்டியை விடாதீர்கள்.

டிஃபரன்ஷியல் முகப்பு பேக்கிங்கில் லேசாகத் தூசி ஒட்டி ஈரம் தெரிந்தால் நான் பிரிக்கவே மாட்டேன். சொட்டினால்தான் வேலை. அங்கே ஸ்டட்டின் மரை வழியாகவும் ஆயில் ஏறி வரும், சிலிகான் பேஸ்ட்டை முகப்பில் மட்டும் தடவி மரையை விட்டுவிட்டால் கசிவு தொடரும்.

நான்கு சக்கரமும் இழுக்கிற பிக்கப் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். முன் சக்கரத்தில் ரப்பர் பூட் கிழிந்தால் கிரீஸ்தான் வட்டமாகச் சிதறும், ஆயில் அல்ல. இலங்கையில் இன்னும் ஓடுகிற பழைய ஹைலக்ஸ் மாதிரி, முன்னாலும் திட ஆக்சில் உள்ள வண்டிகளில் திருப்பும் உருண்டை மூட்டுக்குள் கிரீஸ் இருக்கும். உள் ஆக்சில் சீல் போனால் டிஃபரன்ஷியல் ஆயில் அந்தக் கிரீஸைக் கரைத்துக் கறுப்புக் கூழாக வெளியே தள்ளும். வெளியே இருக்கும் துடைப்புச் சீலை மட்டும் மாற்றிப் பயனில்லை, உள்சீல் வரை போக வேண்டும்.

ஆயில் டிரம்முக்குள் போய்விட்டது என்றால் அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள், லோடு அடுத்த நாள் போகட்டும். மலை இறக்கத்தில் ஒரு பக்கம் பிடித்து ஒரு பக்கம் பிடிக்காத பிரேக்கோடு இறங்கக் கூடாது. ஆயில் குடித்த பிரேக் லைனரைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டித் திரும்ப மாட்டுவார்கள், அதற்குச் சம்மதிக்காதீர்கள். உள்ளே ஊறிய ஆயில் அடுத்த சூட்டில் மேலே வரும். லைனர் மாற்றினால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து மாற்றுங்கள், சீலும் பேரிங்கும் சரியானபிறகு. அதன்பின் லோடில் ஓட்டி, பவுடர் வெள்ளையாகவே இருக்கிறதா என்று பாருங்கள்.