பெட்டிப் படத்தைப் பார்த்துக் கப்பல் வாங்காதீர்கள்: மர மாதிரிக் கப்பல் கிட் பற்றிய கேள்வி-பதில்

மர மாதிரிக் கப்பல் கிட் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். வரவேற்பறை அலமாரிக்கு வாங்கும் ரெடிமேடு அலங்காரக் கப்பல் வேறு சங்கதி. லேசரில் வெட்டிய ப்ளைவுட் சட்டங்கள், மெல்லிய பலகைக் குச்சிகள், நூல்கண்டு, பித்தளைச் சாமான்கள் எல்லாம் ஒரு பெட்டியில் வர, மாதக்கணக்கில் உட்கார்ந்து நாமே கட்டும் கப்பலைப் பற்றியதுதான் இது.

கேள்வி: அப்பா அடுத்த மாதம் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார். மரவேலையில் ஆசை உண்டு, பழக்கம் இல்லை. பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் 'விக்டரி' கப்பல் கிட் வாங்கித் தர நானும் தங்கையும் பணம் சேர்த்திருக்கிறோம். எந்தக் கம்பெனி நல்லது? (சேலம் வாசகர்)

பதில்: கம்பெனி இருக்கட்டும். முதல் கப்பலாக விக்டரியே வேண்டாம். 1765இல் சாத்தம் துறையில் நீரில் இறங்கி, டிரஃபால்கர் கடற்போரில் போரிட்டு, இன்று போர்ட்ஸ்மவுத்தில் நிற்கும் அந்தக் கப்பல் 104 பீரங்கிகளைத் தாங்கியது. பிரிட்டனின் கால்டர்கிராஃப்ட் 1:72 அளவில் (நிஜத்தில் 72இல் ஒரு பங்கு) போடும் கிட்டைக் கட்டி முடித்தால் நீளம் ஏறத்தாழ 1.4 மீட்டர். அதை வீட்டில் எங்கே வைப்பது என்று அம்மாவைக் கேட்டீர்களா?

இடம் கிடைத்தாலும் வேலை மலையளவு. பாய்மரத்தில் ஏறும் கயிற்றேணியை மட்டும் பாருங்கள். நிஜக் கப்பலில் படிக்குப் படி சுமார் 15 அங்குலம் என்றால், 1:72இல் அது ஐந்து மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு படியும் தான் கடக்கும் ஒவ்வொரு கயிற்றோடும் தனித்தனி முடிச்சாக விழ வேண்டும். மூன்று பாய்மரம், இரண்டு பக்கம், ஒன்றன்மேல் ஒன்றாக ஏணிகள். ஒரு முடிச்சைக் கொஞ்சம் இறுக்கிவிட்டால் ஏணி முழுவதும் இடுப்பொடிந்து உள்வாங்கிவிடும். புதிதாகத் தொடங்குபவரின் விக்டரி பெரும்பாலும் அந்தக் கட்டத்துக்கே வராது. அதற்கு வெகுமுன்பே, பலகை ஒட்டும்போதே பரணுக்குப் போய்விடும்.

அமெரிக்காவின் மாடல் ஷிப்வேஸ், புதியவர்களுக்கென்றே மூன்று சிறு படகுகளைப் படிப்படியாக வைத்திருக்கிறது. முதலாவது, வட அட்லாண்டிக்கில் காட் மீன் பிடித்த தட்டையடிப் படகான டோரி, 1:24 அளவில். அடுத்து ஒரு சிறிய நார்வே பாய்ப்படகு, பிறகு அமெரிக்காவின் மெயின் மாநிலக் கடற்கரையின் சிங்கிறால் படகு. விலையிலும் இவை விக்டரியின் பக்கத்தில்கூட வராது. இல்லை, பாய்மரத்தோடு ஒரு கப்பல்தான் வேண்டும் என்றால் ஸ்பெயினின் ஓக்ரே தயாரிக்கும் 'போலாரிஸ்', 1:50. அதற்குக் கட்டும் முறையை முழுக்க வீடியோவாகவே போட்டிருக்கிறார்கள்.

போலாரிஸில் பலகை இரண்டு அடுக்கு. உள்ளடுக்கில் சற்றுத் தடித்த மரம், அதன்மேல் அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய நல்ல மரம். உள்ளடுக்கில் எத்தனை கோணல் இருந்தாலும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பள்ளத்துக்குப் பட்டி வைத்து, மேலே மறைத்துவிடலாம். முதல் கப்பலுக்கு இந்த மன்னிப்பு தேவை.

இன்னொன்று. மாடல் ஷிப்வேஸின் செய்முறைப் புத்தகங்களை விற்பனையாளரின் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒன்றை அச்செடுத்து அப்பாவிடம் கொடுங்கள். நான்கு பக்கம் வாசித்ததும் கண் மின்னுகிறதா, கொட்டாவி வருகிறதா என்று தெரிந்துவிடும். ஆச்சரியப் பரிசு என்ற ரகசியம் உடையும்; உடையட்டும். கிட் விஷயத்தில் நான் முதலில் எடை போடுவது செய்முறைப் புத்தகத்தையும் வரைபடத் தாளையும்தான். மரம் சுமாராக இருந்தால் வேறு மரம் வாங்கலாம். ஐம்பதாவது படியிலிருந்து எழுபதாவது படிக்குத் தாவும் செய்முறையை வைத்துக்கொண்டு எங்கே போவீர்கள்?

கேள்வி: இணையத்தில் பெரிய கம்பெனி விலையில் கால்வாசிக்கு அதே கப்பல் கிட் கிடைக்கிறது. படம் அச்சு அசலாக அதேதான். வாங்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: படம் அச்சு அசலாக இருப்பதுதான் சந்தேகத்துக்கு முதல் காரணம். அது வேறு யாரோ வேறு கிட்டை வைத்துக் கட்டிய கப்பலின் படமாக இருக்கலாம். ஒரு வடிவமைப்பாளர் வருடக்கணக்கில் வரைந்ததை ஸ்கேன் செய்து, மலிவான ப்ளைவுட்டில் வெட்டிப் பெட்டியில் போட்டு விற்கும் வியாபாரம் இந்தத் துறையில் நெடுநாளாக இருக்கிறது. சீனாவிலிருந்து வருவதெல்லாம் நகல் என்று சொல்ல மாட்டேன். சொந்தமாக வடிவமைக்கும் நல்ல தயாரிப்பாளர்கள் அங்கேயும் உண்டு. அவர்கள் தங்கள் பெயரைப் பெட்டியில் பெரிதாகவே போட்டுக்கொள்வார்கள். நகல் பெட்டியில் தயாரிப்பாளர் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு கணக்குப் போடலாம். விளம்பரத்தில் அளவும் நீளமும் இருக்கும், இரண்டையும் பெருக்குங்கள். விக்டரியின் உடல் நீளம், முகப்புச் சிற்பத்திலிருந்து பின்முனை வரை, சுமார் 69 மீட்டர். '1:50 விக்டரி, நீளம் 60 செ.மீ.' என்று ஒருவர் விற்றால் பெருக்கி வருவது 30 மீட்டர். பாதிக் கப்பல் எங்கே போயிற்று? அளவே போடாமல் நீளம் மட்டும் போட்டிருந்தால் கணக்குப் பார்க்கும் வேலைகூட இல்லை, கடந்து போங்கள்.

செய்முறைப் புத்தகத்தில் எத்தனை பக்கம், எந்த மொழியில், வரைபடத் தாள் நிஜ அளவில் உண்டா, உடைந்த பாகத்துக்கு மாற்று யார் தருவார்கள் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒழுங்கான பதில் வராவிட்டால் மிச்சமாகும் முக்கால் விலையும் மிச்சமே இல்லை.

கேள்வி: கிட்டோடு சேர்த்து 'தொடக்கநிலைக் கருவிப் பெட்டி' வாங்கச் சொல்கிறார்கள். தேவையா? (மதுரை வாசகி)

பதில்: பாதிக்கு மேல் பயன்படாது. கூர்முனைக் கத்தியும் நிறைய மாற்று பிளேடுகளும், அரை மில்லிமீட்டரிலிருந்து துளைக்கும் கைத்துரப்பணம், ஊசி அரம் நான்கு, சாமணம் இரண்டு, எஃகு அளவுகோல், 120 முதல் 320 வரை உப்புத்தாள். இவ்வளவு போதும், எல்லாம் உள்ளூரிலேயே கிடைக்கும். கிளாம்புக்குத் துணி கிளிப். உப்புத்தாளை வெறும் விரலால் தேய்க்காமல் ஒரு மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள். விரல் பள்ளத்தைத் தேடிப் போய் இன்னும் பள்ளமாக்கிவிடும்.

பசைக்குச் சாதாரண வெள்ளை ஃபெவிகால். பெயரில் கப்பல் வாசனை அடிக்கிறதே என்று மரைன் வகையை வாங்கிவிடாதீர்கள். உங்கள் கப்பல் தண்ணீரில் இறங்கப் போவதில்லை. ஒட்டியதைப் பிரிக்க வேண்டிய நாள் கட்டாயம் வரும். சாதாரண வகையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு மெல்ல இளக்கிவிடலாம். உடனொட்டிப் பசையைச் சிறு பித்தளைச் சாமான்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மரத்தில் அது வெண்புகை போலப் படிந்து, பிறகு வார்னிஷ் ஏறாத திட்டாக நிற்கும்.

பலகை வளைக்கும் மின்கருவி, அதிலும் விலை கூடியது, இப்போது வேண்டாம். குச்சியை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, அணியத்தின் (கப்பலின் முன்முனை) வளைவோடு அணைத்துக் கிளிப் போட்டு ஒரு ராத்திரி விட்டால் வளைந்துவிடும். அதன்பின்தான் ஒட்ட வேண்டும். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போகாமல் வலம் ஒன்று, இடம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அடிமரம் முறுக்கிக்கொள்ளும். ஐந்து மில்லிமீட்டர் அகலக் குச்சியை அணியத்தருகே சீவிக் குறுக்க வேண்டும், ஆனால் பாதி அகலத்துக்குக் கீழே போகாமல். இதற்கு ஒரு சின்ன இழைப்புளி வாங்கினால் காசு வீண் இல்லை.

கேள்வி: போன வருடம் வாங்கிய கிட்டை இப்போதுதான் பிரித்தேன். ஒரு குறுக்குச் சட்டத் தகடு இல்லை, கப்பிகளும் குறைகின்றன. விற்றவர் திரும்பப் பெறும் காலம் முடிந்துவிட்டது என்கிறார். (சென்னை வாசகர்)

பதில்: முதலில் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். பெயருள்ள நிறுவனங்கள் பல, குறைந்த பாகத்தைத் தனியாக அனுப்பித் தருகின்றன. பெட்டிக்குள் தயாரிப்பு எண் அச்சிட்ட சிறு சீட்டு இருக்கும். அதையும் பாகப் பட்டியலில் குறி போட்ட பக்கத்தையும் படம் பிடித்து அனுப்புங்கள்.

விற்றவர் இந்தியாவில் இருந்தால், குறையுள்ள பொருளுக்கு அவருடைய 'திரும்பப் பெறும் காலம்' மட்டுமே கடைசி வார்த்தை ஆகாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் தரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன்பு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து பாருங்கள். ஆனால் உங்கள் பக்கம் ஒரு பலவீனம் உண்டு. ஒரு வருடம் கழித்துப் பிரித்துவிட்டு, தகடு முதலிலேயே இல்லை என்று எப்படி நிரூபிப்பீர்கள்? இனி கிட் வந்த அன்றே பிரித்து, ஒவ்வொரு தகட்டையும் எண்ணி, பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். கட்டுவது எப்போதோ இருக்கட்டும்.

வெளிநாட்டு விற்பனையாளர் என்றால் இந்தச் சட்டத்தை வைத்து அவரைப் பிடிப்பது மிகக் கடினம். கார்டு கொடுத்த வங்கியிடம் முறையிடுவதே வழி, அதற்கும் காலக்கெடு உண்டு. கூடவே ஒரு எச்சரிக்கை: கிட் விலையோடு அனுப்பும் கூலியும் சேர்த்த தொகைக்குத்தான் சுங்கம், அதன்மேல் ஜி.எஸ்.டி., அதன்மேல் கூரியரின் கையாளும் கட்டணம். 'பரிசு என்று எழுதி அனுப்புகிறேன்' என்று விற்பவர் சொன்னால் மயங்காதீர்கள். பரிசுப் பொருளுக்கு இருந்த 5,000 ரூபாய் விலக்கு டிசம்பர் 2019இலேயே போய்விட்டது.

கேள்வி: கனடாவின் பத்து சென்ட் நாணயத்தில் இருக்கும் 'புளூநோஸ்' கப்பலைக் கட்ட என் மகளுக்கு ஆசை. இரண்டு சிறு படகுகள் கட்டி முடித்திருக்கிறாள். இரண்டு கம்பெனி கிட் பார்த்தோம்; ஒன்றில் 'புளூநோஸ்', மற்றதில் 'புளூநோஸ் 2' என்றிருக்கிறது. (டொராண்டோ வாசகி)

பதில்: இரண்டும் இரண்டு கப்பல். நோவா ஸ்கோஷியாவின் லூனன்பர்க்கில் 1921இல் கட்டி, மீன்பிடித்தும் பந்தயம் ஓடியும் பெயர் பெற்று, 1946இல் ஹெய்தி அருகே பாறைத்திட்டில் மோதி அழிந்தது முதலாவது. 1937இலிருந்து நாணயத்தில் வருவதும் அதுதான். இரண்டாவது, அதைப் பார்த்து 1963இல் ஒரு மதுபான நிறுவனம் விளம்பரத்துக்கும் உல்லாசப் பயணத்துக்கும் கட்டியது. அதன் தளத்துக் கூண்டுகள் மீன்பிடிக் கப்பலுக்குரியவை அல்ல. மாடல் ஷிப்வேஸின் 1:64 கிட் முதல் கப்பலுடையது, ஆர்ட்டெசானியா லாட்டினாவின் 1:75 இரண்டாவதுடையது. நாணயத்துக் கப்பல்தான் ஆசை என்றால் முதலாவதை எடுங்கள். அதில் பலகை ஓரடுக்குதான், கோணலை மறைக்க மேலடுக்கு இல்லை. சிறு படகுகளில் கை பழகியவருக்கு அது பெரிய தடை அல்ல. இரண்டு பாய்மரம், குறுக்குப் பறுவான் (பாய் தொங்கும் குறுக்குக்கழி) கிடையாது, கயிற்று வேலையும் கட்டுக்குள் இருக்கும். மேலே சொன்ன டோரிப் படகுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி இதன் தளத்தில்தான் ஏறிப் போயின. மகளுக்குப் பிடித்த பகுதி அதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: நண்பரின் மாமனார் வீட்டில் முப்பது வருடப் பழைய, பிரிக்காத, சுவீடனின் 'வாசா' கப்பல் கிட் மலிவாக வருகிறது. வாங்கலாமா? (பெங்களூரு வாசகர்)

பதில்: பிரித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம். ப்ளைவுட் தகட்டைச் சமதளத்தில் வைத்து முறுக்கு இருக்கிறதா பாருங்கள். நூல் மட்கியிருக்கும், அது பெரிய செலவு இல்லை. சாமான்கள் ஈயமா என்பதுதான் கேள்வி. ஈயத்தில் வெண்பொடி பூத்திருந்தால் அது நச்சு. ஊதாதீர்கள், வெறுங்கையால் தேய்க்காதீர்கள். மரமும் சில பசைகளும் விடும் அமில ஆவி, காற்றோட்டமில்லாத இடத்தில் தேங்கி ஈயத்தை அரிப்பதால் வருவது இது. கட்டி முடித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்த பிறகும் தொடரும். ஆகவே ஈயச் சாமான்களை விட்டு வேறு வாங்கும் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். பெட்டி செய்தால் அடியில் காற்றுத் துளை விடுங்கள்.

வாசாவுக்கு இன்னொரு சிக்கல். 1628இல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோமில் மூழ்கி 1961இல் மேலே வந்த அந்தக் கப்பலின் பின்புறம் நீலம் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். பிறகு மரத்தில் எஞ்சிய வண்ணத் துகள்களை ஆராய்ந்தபோது சிவப்பு என்று தெரிந்தது. பழைய கிட்டின் வண்ணக் குறிப்பு நீலம் சொன்னால் அதைப் பின்பற்ற வேண்டாம்.

கேள்வி: சோழர் கப்பல் கிட் எங்காவது கிடைக்குமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: அப்படி ஒன்றை யாராவது 'அசல் அளவில்' என்று விற்றால் எந்த வரைபடத்திலிருந்து எடுத்தது என்று கேளுங்கள். சோழர் கப்பலின் வரைபடம் எதுவும் நம்மிடம் இல்லை. கொலம்பஸின் சாந்தா மரியாவுக்கும் இதே கதிதான். கடைகளில் விற்கும் சாந்தா மரியா எல்லாமே ஊகம்.

நம் கடற்கரைக்கலம் ஒன்றை ஆதாரத்தோடு கட்ட ஆசை என்றால் 19ஆம் நூற்றாண்டுக்கு வாருங்கள். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பாரி (Edmond Pâris), சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தையும், கயிற்றால் தைத்த மசூலா படகையும் அளந்து வரைந்து வைத்திருக்கிறார். கட்டுமரத்துக்கு எந்தக் கிட்டும் தேவையில்லை. நாலைந்து மரத்துண்டு, இழைப்புளி, கயிறு. மசூலாவுக்குப் பொறுமை அதிகம் வேண்டும்: விலாச்சட்டமே கிடையாது, பலகையோடு பலகையைத் தைத்தே உருவம் கொண்டுவர வேண்டும். நூலை முதலில் தேன்மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள், பிசிறு அடங்கும்.