நாடுகளுக்கிடையே நம்பிக்கை: கலை, கல்வி, மொழி குறித்துக் கேட்டவையும் என் பதில்களும்

அயல்மொழி கற்பித்தலிலும் மாணவர் பரிமாற்றப் பணியிலும் நெடுநாள் இருந்தவள் என்பதால், சேலத்து நண்பர்கள் இவ்வாரக் கேள்விகளுக்கு விடையளிக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தனர். ஒத்த கேள்விகளை இணைத்துவிட்டேன். ஏற்காட்டு ஏரியில் ஆண்டுக்கு எத்தனை பேர் படகில் செல்கின்றனர் என்று கேட்டவர் மட்டும் என்னைப் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: அம்மா, ஒரு நாடு இன்னொரு நாட்டில் நடன விழா நடத்துவதும் மொழி வகுப்பு திறப்பதும் நம்பிக்கையை வளர்க்கும் என்கிறார்கள். எனக்கு இது விளம்பரமாகத்தான் தெரிகிறது. (காபித் தோட்டம் வைத்திருப்பவர், ஏற்காடு)

பதில்: ஐயா, உங்கள் ஐயத்தில் பாதி சரியானது. அலியான்ஸ் பிரான்சேஸ் 1883இலும், பிரிட்டிஷ் கவுன்சில் 1934இலும், நம் ஊரில் மாக்ஸ்முல்லர் பவன் என்று அறியப்படும் கெதே நிறுவனம் 1951இலும், ஜப்பான் அறக்கட்டளை 1972இலும் தோன்றின. நம் நாடும் மௌலானா ஆசாத்தின் முயற்சியில் 1950இல் இந்தியப் பண்பாட்டு உறவுகள் மன்றத்தை நிறுவியது. இவற்றுள் எதுவும் தன் நாட்டின் நலனை மறந்து தொடங்கப்பட்டதன்று. ஆனால் விரும்பப்படுவது வேறு, நம்பப்படுவது வேறு. ஒரு நல்ல கச்சேரி நம்மை விரும்பச் செய்யும். நம்மைப் பற்றிய குறையை எதிராளி நம் முன்னிலையிலேயே சொல்லவும், அதை நாம் பொறுமையாகக் கேட்கவும் இடம் இருக்கும்போதுதான் நம்பிக்கை பிறக்கும்.

இதற்குப் பிரான்சும் ஜெர்மனியும் நான் அடிக்கடி காட்டும் சான்று. 1870 முதல் 1945 வரை மூன்று போர்களில் மோதிக்கொண்ட அந்த இரண்டு நாடுகளும் 1963இல் எலிசே எனப்படும் நட்புறவு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதே ஆண்டில் பிராங்கோ-ஜெர்மன் இளைஞர் அலுவலகத்தையும் அமைத்தன. அன்றிலிருந்து 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் பரிமாற்றத் திட்டங்களில் பங்கேற்றிருக்கின்றனர். அவர்களுள் பலர் ஓர் அயல் குடும்பத்தின் வீட்டில் தங்கி, அவர்களுடைய சமையலைச் சகித்துக்கொண்டு, அரைகுறை மொழியில் அவர்களுடைய தாத்தாவின் போர்க்கதையைக் கேட்டவர்கள். இதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது 2006இல் முதல் தொகுதி வெளிவந்த வரலாற்றுப் பாடநூல்: இரு நாட்டு அறிஞர்களும் சேர்ந்து எழுதி, ஒரே உள்ளடக்கத்துடன் இரு மொழிகளிலும் வெளியிட்ட மேல்நிலை வகுப்பு நூல் அது. எந்த வாக்கியத்தை எப்படி எழுதுவது என்று அவர்கள் மேசையில் நடத்தியிருக்கக்கூடிய வாதங்களை எண்ணிப் பாருங்கள். அதற்கு முன்னரே நாற்பது ஆண்டுகளாக இளைஞர்கள் வந்துபோயிராவிட்டால் அந்த மேசையில் உட்காரவே யாரும் துணிந்திருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

கேள்வி: எங்கள் இளமையில் சோவியத் புத்தகங்கள் மிக மலிவாகக் கிடைத்தன. அவற்றைப் படித்த நாங்கள் இன்றும் ருஷ்யர்களைச் சொந்தக்காரர்கள் போல எண்ணுகிறோம். அது நம்பிக்கைதானா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அஸ்தம்பட்டி)

பதில்: இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் மீர் பதிப்பகமும் வெளியிட்ட நூல்கள், நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் கடைகள் வழியாகவும் கண்காட்சிகள் வழியாகவும் நம் சிற்றூர்களுக்கே வந்து சேர்ந்தன. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம், நா. தர்மராஜன் போன்றோரின் மொழிபெயர்ப்பு ஒரு தலைமுறையின் உரைநடையையே செதுக்கியது என்று சொன்னால் மிகையாகாது. கட்டியான அட்டை, தெளிவான அச்சு, பள்ளி மாணவனின் கைச்செலவுக்கு எட்டும் விலை ஆகிய மூன்றும் சேர்ந்து, எந்தத் தூதரகமும் செய்ய முடியாததைச் செய்தன.

ஆயினும் அந்த நூல்களில் எவை இன்றும் நம் அலமாரியில் இருக்கின்றன என்று பாருங்கள். டால்ஸ்டாயும் செகாவும் குழந்தைக் கதைகளும் இயற்பியல் நூல்களும் இருக்கும்; கட்சி மாநாட்டு அறிக்கைகள் எடைக்குப் போயிருக்கும். தம் மக்களின் துயரத்தையும் அற்பத்தனத்தையும் மறைக்காமல் எழுதிய எழுத்தாளர்களே அந்த நாட்டுக்கு நம்பகத்தன்மையைத் தேடித் தந்தார்கள். அரசைப் புகழ்ந்து எழுதப்பட்டவை 1991இல் அந்த அரசோடு போய்விட்டன. உங்களுக்கு ருஷ்ய மக்கள் மீது இருப்பது நம்பிக்கையே. அதை ருஷ்ய அரசின் ஒவ்வொரு செயலுக்கும் நீட்டிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. திருக்குறள் போன்ற சில நூல்கள் ருஷ்ய மொழிக்குச் சென்றன என்றாலும், வந்ததற்கும் போனதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

கேள்வி: பண்பாட்டு நிறுவனம் ஒன்று உண்மையிலேயே சுதந்திரமானதா, அரசின் முகமூடியா என்று எப்படி அறிவது? (அரசியல் அறிவியல் மாணவர், சேலம்)

பதில்: பணம் எங்கிருந்து வருகிறது என்பது வெளிப்படையாகச் சொல்லப்படுகிறதா என்பதே முதல் சோதனை. 1950இல் பெர்லினில் தொடங்கிய பண்பாட்டுச் சுதந்திரக் காங்கிரஸ் என்னும் எழுத்தாளர்-அறிஞர் அமைப்பு, பல நாடுகளில் தரமான இதழ்களை நடத்தியது. அவற்றில் எழுதியவர்களுள் பலர் நேர்மையானவர்கள். அதற்கு அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. இரகசியமாகப் பணம் தந்தது 1966-67இல் அம்பலமானபோது, உண்மையிலேயே சுதந்திரமாக எழுதியவர்களின் எழுத்தும் ஐயத்துக்குள்ளானது. மறைத்தது பணத்தை மட்டுமே, கெட்டது எல்லாமே.

அரசு பணம் தருவது தவறன்று. கெதே நிறுவனம் ஜெர்மன் வெளியுறவு அமைச்சகத்தின் நிதியில் இயங்குவதை யாரும் மறைப்பதில்லை. எந்த நாடகத்தை அரங்கேற்றுவது, எந்த எழுத்தாளரை அழைப்பது என்பதில் அதற்குத் தன்னுரிமை இருக்கிறது. எனவே இரண்டாவது சோதனை: தன் அரசைக் கடுமையாக விமர்சிக்கும் கலைஞரை அந்த நிறுவனம் மேடையேற்றியிருக்கிறதா? 2004 முதல் சீனா நிறுவிய கன்பூசியஸ் மையங்கள் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு உள்ளேயே இயங்கின. திபெத், தைவான் போன்றவற்றை அங்கே தடையின்றிப் பேச முடியுமா என்ற கேள்வி எழுந்ததால், அமெரிக்காவில் பெரும்பாலானவை மூடப்பட்டன. சீன மொழியைக் கற்பித்த ஆசிரியர்களில் பலர் திறமைசாலிகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: நான் வேலைக்காக ஜெர்மன் படிக்கிறேன். பி-2 என்னும் மேல்-இடைநிலை மொழித் தேர்வில் தேறினால் செவிலியராகப் போகலாம். இதில் நாடுகளின் நம்பிக்கை எங்கே வருகிறது, அம்மா? (செவிலியர் மாணவி, ஆத்தூர்)

பதில்: வேலைக்காகப் படிப்பதில் தாழ்வு எதுவும் இல்லை, அம்மா. இரவுப் பணியில் வலியால் துடிக்கும் ஒரு முதியவர் தம் வட்டார வழக்கில் முனகுவதைப் புரிந்துகொண்டு நீங்கள் மறுமொழி சொல்லும்போது, அவருக்கு இந்தியா என்பது நீங்கள்தான். கெதே நிறுவனத்தின் பி-2 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்னும் நான்கு பகுதிகளையும் தனித்தனியாக எழுதலாம். தவறிய பகுதியை மட்டும் மீண்டும் எழுதவும் வழியிருக்கிறது. நம் பிள்ளைகள் எழுதுவதில் தேறிவிட்டுக் கேட்பதில் இடறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே இலக்கணப் பயிற்சி ஏட்டை மூடிவிட்டு நாள்தோறும் வானொலி கேளுங்கள். முகவரிடம் பணம் கொடுக்கும் முன், ஒப்பந்தத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் கேட்டு வாங்குங்கள். நம்பிக்கை என்பது அவர்கள் நம்மீது வைப்பது மட்டுமன்று.

கேள்வி: நாங்கள் பரம்பரையாகத் தெருக்கூத்து ஆடுகிறோம். வெளிநாட்டு விழாவுக்கு அழைத்தால் விடிய விடிய ஆடும் கூத்தை ஒரு மணி நேரமாக வெட்டச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா? (கூத்துக் கலைஞர், எடப்பாடி வட்டாரம்)

பதில்: அண்ணா, ஒப்புக்கொள்ளலாம், ஆனால் எதை வெட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டும். அடவும் வேகமும் கண்ணைக் கவரும் என்பதற்காக, இடையிடையே பார்வையாளரோடு பேசிக் கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரனை முதலில் வெட்டிவிடுவார்கள். அவர் போய்விட்டால் கதைக்கும் ஊருக்கும் உள்ள தொடர்பே போய்விடும். முகவீணைக்குப் பதிலாகப் பதிவு செய்த இசை போதும் என்று சொன்னால் அழைப்பையே மறுத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

பரதநாட்டியக் கலைஞர் பாலசரசுவதி 1961இல் டோக்கியோவிலும், 1962இல் அமெரிக்காவின் ஜேக்கப்ஸ் பில்லோ விழாவிலும், 1963இல் எடின்பரோவிலும் ஆடினார். அயல்நாட்டாரின் அவசரத்துக்காக, மெல்ல அபிநயம் பிடிக்கும் பதம் என்னும் பாடல்வகையின் நிதானத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பார்த்தவர்கள் புரிந்துகொள்ள முயன்றார்கள், சிலர் கற்கவும் முன்வந்தார்கள். அவருடைய தம்பிமார் டி. ரங்கநாதனும் டி. விசுவநாதனும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களாக இருந்தனர். விசுவநாதனிடம் பயின்ற ஜான் ஹிக்கின்ஸ் என்னும் அமெரிக்கர் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சென்னைக்கு வந்து தங்கிக் கர்நாடக இசை கற்று, நம் சபாக்களில் முழுக் கச்சேரி செய்தார். ரசிகர்கள் அவரை ஹிக்கின்ஸ் பாகவதர் என்றே அழைத்தனர். விழா மேடை மக்களைக் கைதட்ட வைத்தது என்றால், குருவின் முன் உட்கார்ந்து திருத்தப்பட்ட ஆண்டுகள்தான் உறவை உண்டாக்கின.

ஆகவே அழைப்பவர்களிடம் ஆட்டத்தோடு ஒரு வாரப் பட்டறையையும் கேளுங்கள். வந்தவர்களுள் இருவராவது அடுத்த மாசியில் உங்கள் ஊருக்கு வந்து, பாரதக் கூத்தின் இறுதி நிகழ்வான படுகளம் வரை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையையும் வையுங்கள். குழுவினர் அனைவருக்கும் தனித்தனி ஊதியம், ஒளிப்பதிவை யார் எங்கே பயன்படுத்தலாம் என்ற வரையறை ஆகிய இரண்டும் எழுத்தில் இருக்கட்டும்.

கேள்வி: இந்த நம்பிக்கையை அளக்க முடியுமா? (புள்ளியியல் பயில்பவர், மேட்டூர்)

பதில்: முயன்றிருக்கிறார்கள். பிரிட்டிஷ் கவுன்சில் 2012இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கில வகுப்பிலோ கலை நிகழ்ச்சியிலோ பங்கேற்றவர்கள் மற்றவர்களைவிடப் பிரிட்டனை மிகுதியாக நம்புவதாகக் கூறியது. முன்பே விருப்பம் உள்ளவர்கள்தானே வகுப்புக்கு வந்திருப்பார்கள் என்பது புள்ளியியல் பயிலும் உங்களுக்கு உடனே தோன்றியிருக்கும்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் ஆப்பிரிக்க மாணவர்கள் சிலர் படிக்கிறார்கள். ஊரில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுக்க மறுக்கிறார்கள். (விரிவுரையாளர், ஓமலூர் சாலை)

பதில்: பண்பாட்டு உறவுகள் மன்றம் உதவித்தொகை தந்து அயல்நாட்டு மாணவர்களை வரவழைக்கிறது, 1964இல் தொடங்கிய தொழில்நுட்பப் பொருளாதார ஒத்துழைப்புத் திட்டத்தில் வளரும் நாடுகளின் அலுவலர்கள் இங்கே பயிற்சி பெறுகின்றனர். அவர்களுள் சிலர் நாளை தம் நாட்டில் அமைச்சராகவோ துணைவேந்தராகவோ ஆகக்கூடும். டெல்லி செய்யும் அவ்வளவு செலவையும் நம் தெருவில் ஒரு வீட்டுக்காரர் சொல்லும் “இல்லை” அழித்துவிடுகிறது. விழாவில் அவர்களை வேட்டி கட்டவைத்துப் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு, உங்கள் கல்லூரியே வாடகைக்குப் பொறுப்பேற்று வீட்டு உரிமையாளர்களுடன் ஒப்பந்தம் செய்யட்டும்.

கேள்வி: தமிழுக்காக நாம் இப்படி ஏதாவது செய்திருக்கிறோமா? (மென்பொருள் பொறியாளர், சேலம்)

பதில்: தனிநாயகம் அடிகளின் முன்முயற்சியில் 1964இல் டெல்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் உருவானது, முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில் நடந்தது, மூன்றாவது 1970இல் பாரிசில் நடந்தது. பிராகாவின் கமில் சுவலபில் போன்ற அறிஞர்கள் தமிழரோடு சமமாக அமர்ந்து, தமிழ்ப் பெருமைகளைக் கூட ஆதாரம் கேட்டு விவாதித்த இடம் அது. சோழர் கல்வெட்டுகளை ஆராய்ந்த டோக்கியோப் பேராசிரியர் நொபொரு கராஷிமா அதன் தலைவராக இருந்தபோது, ஆய்வு மாநாட்டுக்குப் போதிய கால அவகாசம் வேண்டும் என்றார். 2010இல் கோவையில் செம்மொழி மாநாடு அந்த மன்றத்தைச் சாராமலேயே நடைபெற்றது. கோவை மாநாட்டின் பிரம்மாண்டத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் நம் கல்வெட்டைப் படித்த ஒருவர் “பொறுங்கள்” என்றபோது பொறுத்திருக்க வேண்டும் என்று இன்றும் கருதுகிறேன். 2001இல் தொடங்கிய இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகம் கடல் கடந்த பிள்ளைகளுக்குப் பாடம் தருகிறது. தமிழரல்லாத அயல்நாட்டவருக்கும் ஏற்ற பாடநூல்கள் இன்னும் நிறைய வேண்டும்.

கேள்வி: எங்கள் பள்ளி ஒரு ஜப்பானியப் பள்ளியோடு நட்பு கொள்ள விரும்புகிறது. எதில் தொடங்குவது? (பதினொன்றாம் வகுப்பு மாணவி, ஏற்காடு)

பதில்: வாழ்த்துக் காணொளி வேண்டாம், அதை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. இரு பள்ளிகளும் சேர்ந்து செய்யும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். சேர்வராயன் மலையில் நீங்களும் அவர்கள் ஊர் மலையில் அவர்களும் ஒரே கேள்வித்தாளை வைத்து, வயதானவர்களிடம் மழை எப்படி மாறியிருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். உங்கள் கட்டுரையை அவர்களும் அவர்கள் கட்டுரையை நீங்களும் திருத்த வேண்டும். ஜப்பானிய நேரம் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் செல்வதால், நம் காலை ஒன்பதரை மணி அவர்களுக்குப் பிற்பகல் ஒரு மணியாக இருக்கும். அவர்களுடைய பள்ளி முடியும் முன் பேசி முடிக்கும்படி தலைமையாசிரியரிடம் காலைப் பாடவேளை ஒன்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.