ராத்திரி பதினொரு மணிக்கு 'அணை திறந்தாச்சா சார்?'

தம்பி, திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் மக்கள் தொடர்புப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், ராத்திரி நிருபர்கள் அணை நிலவரம் கேட்கும்போது 'தெரியாது' என்றால் கோபப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து மாவட்டத்தில் இதே நாற்காலியில் இருந்தவன் நான்.

'தெரியாது' என்று சொல்லி வைத்துவிடாதீர்கள். 'நீர்வளத் துறையில் கேட்டு இருபது நிமிஷத்தில் கூப்பிடுகிறேன்' என்று சொல்லுங்கள். தகவல் வராவிட்டாலும் சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டு, வரவில்லை என்றாவது சொல்லுங்கள்.

அப்புறம், செய்திக்குறிப்பில் 'நீர்மட்டம் 115 அடி' என்று மொட்டையாகப் போடாதீர்கள். மணிமுத்தாறு என்றால் அது ஏறக்குறைய நிரம்பிவிட்டது, முழு உயரமே 118 தான். பாபநாசம் என்றால் 143க்கு இன்னும் 28 அடி இருக்கிறது. அணைப் பெயர், முழு உயரம், வெளியேறும் தண்ணீர் எத்தனை கனஅடி, எத்தனை மணி நிலவரம், நாலும் வேண்டும். நான் ஒருமுறை தேதியும் நேரமும் போடாமல் அனுப்பியது மூன்று நாள் கழித்து வாட்ஸப்பில் சுற்றி, ஆற்றங்கரைத் தெரு ஒன்று மூட்டை கட்டிவிட்டது. வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

2023 டிசம்பர் வெள்ளத்தில் பல ஊர்களில் செல்போன் சிக்னலே கிடைக்கவில்லை. அதனால் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்ல நாலு வரியும் தயாராக இருக்கட்டும். எண்களுக்கு இடம் விட்டு, ஐப்பசி மழைக்கு முன்பே கலெக்டரிடம் ஒப்புதல் வாங்கி வைத்துவிடுங்கள்.