ஐந்து பேர், மூன்று டிக்கெட்

கேள்வி: ஜூலையில் ஒரு வாரம் ஹவாயின் கவாய் தீவுக்குப் போகிறோம். நான், கணவர், ஒன்பது வயது மகள், மூன்று வயது மகன், ஆறு மாதம் எங்களோடு இருக்க மன்னார்குடியிலிருந்து வந்திருக்கும் அத்தை (கணவரின் அம்மா). அங்கே லுவாவ் என்று இரவு விருந்தும் நடனமும் சேர்ந்த நிகழ்ச்சி பிரபலமாம். முழுப் பன்றியை மண்ணுக்குள் வேகவைத்து எல்லார் முன்னாலும் வெளியே எடுப்பார்களாம். மது உண்டு. ஆடுகிறவர்களுக்கு உடையும் குறைவு. நாங்கள் முட்டைகூடச் சேர்க்காத வீடு. ஆளுக்கு 150 டாலருக்கு மேல் ஆகிறது. மகளோ தினமும் நச்சரிக்கிறாள். இது குடும்பத்தோடு போகக்கூடிய இடம்தானா? அத்தையால் பிரச்சினை இல்லை. சின்னவனைப் பார்த்துக்கொண்டு ரூமிலேயே இருக்கிறேன், தயிர்சாதம் போதும் என்றுவிட்டார். அவருக்காக ஒரு நாள் காலையில் அங்கே உள்ள சிவன் கோவிலுக்குப் போகிறோம். மூன்று டிக்கெட் புக் செய்தாகிவிட்டது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம், சான் ஹோசே, கலிஃபோர்னியா

பதில்: பன்றி, மது, உடை, டாலர் என்று எல்லாவற்றையும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். டிக்கெட் மூன்று என்பதை மட்டும் கடைசியில், போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். கடிதத்தின் முதல் வரிகளில் எண்ணினேன், ஐந்து பேர். ஐந்து பேர் போகிற ஊரில் மூன்று பேர் மட்டும் போய் உட்காருகிற இடத்தைக் 'குடும்பத்தோடு போகக்கூடியதா' என்று என்னிடம் கேட்கிறீர்கள். பன்றியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பார்ப்போம்.

ஒன்று கேட்கிறேன். எனக்குப் பதில் எழுத வேண்டாம், உங்களுக்குள்ளேயே சொல்லிக்கொண்டால் போதும். 'நான் ரூமில் இருக்கிறேன்' என்று அத்தை சொன்னது டிக்கெட் வாங்குவதற்கு முன்பா, பின்பா? பின்பு என்றால் அவரால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? முன்பு என்றாலும் பெரிய வித்தியாசமில்லை. அந்த வயதுப் பெண்களிடம் 'வேண்டுமா' என்று கேட்டால் வருகிற பதில் ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது காபி வேண்டுமா என்றால் வேண்டாம் என்பார்கள். டம்ளரைக் கையில் கொடுத்தால் குடிப்பார்கள். இத்தனை வருடம் மருமகளாக இருக்கும் உங்களுக்கு இது தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன். தெரிந்துதான் 'பிரச்சினை இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள்.

நானும் செய்தவள்தான். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் தீவுத்திடல் பொருட்காட்சிக்குப் போனோம். மாமியார் முட்டி வலிக்கிறது, கூட்டம் ஆகாது, நீங்கள் போய்வாருங்கள் என்றார். கைக்குழந்தையை அவரிடம் விட்டுவிட்டுப் போனோம். திரும்பும்போது அவருக்காகப் பெரிய டெல்லி அப்பளம் ஒன்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். வீடு வருவதற்குள் நமுத்துவிட்டது. அதைப் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டே ராட்டினம் எவ்வளவு உயரம், எந்தெந்த இலாகா அரங்கு வைத்திருக்கிறது, மரணக்கிணறு உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கூட்டம் ஆகாதவர் கேட்கிற கேள்விகளா அவை? அடுத்த வருடமும் அவரை விட்டுவிட்டுத்தான் போனோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, லுவாவுக்கு வருவோம். நீங்கள் வெறும் ஆட்டமும் சாப்பாடும் என்று நினைக்கிற அந்தப் பந்திக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஹவாயில் 1819 வரைக்கும் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. கபு என்று அதற்குப் பெயர், நம் தீட்டு, விலக்கு எல்லாம் சேர்ந்த மாதிரி ஒரு கட்டுப்பாடு. பன்றி, தேங்காய், பெரும்பாலான வாழைப்பழ வகைகள் எதையும் பெண்கள் தொடக் கூடாது. மீறினால் உயிரே போகும். ஹவாய் ராஜா முதலாம் கமேஹமேஹா அந்த வருடம் மே மாதம் இறந்தார். பட்டத்துக்கு வந்த மகன் லிஹோலிஹோவுக்கு இருபத்திரண்டு வயதுகூட ஆகவில்லை. அவருடைய அம்மா கேயோபுவோலானியும், அப்பாவின் இன்னொரு மனைவியான கஅஹுமானுவும் விடாமல் வற்புறுத்தினார்கள். சில மாதம் தயங்கிவிட்டு, நவம்பரில் நடந்த ஒரு விருந்தில் ராஜா எழுந்துபோய்ப் பெண்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். கபு அன்றோடு உடைந்தது. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற இன்றைய லுவாவுக்கு அதுதான் ஆரம்பம் என்பார்கள்.

ஒரு மகன் எழுந்துபோய் அம்மாவின் பந்தியில் உட்கார்ந்ததில் தொடங்கிய விருந்துக்கு, அம்மாவைத் தயிர்சாதத்தோடு ரூமில் விட்டுவிட்டு ஒரு மகன் போகப்போகிறார். அந்த மகன் உங்கள் கடிதத்தில் எங்கே? 'கணவர்' என்று இரண்டு இடத்தில் வருகிறார், தலையெண்ணிக்கைக்காகவும் உறவு முறைக்காகவும். இதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு சொல் இல்லை. பெற்றவளை எங்கே கூட்டிப்போவது, எங்கே விட்டுவிட்டுப் போவது என்பதை மருமகள் ஒரு பத்திரிகைக்கு எழுதிக் கேட்கிறாள், பிள்ளை மூன்று டிக்கெட்டுக்குக் கார்டைத் தேய்க்கிறார். உங்களை மட்டும் திட்டிவிட்டு அவரை விட்டுவிடுகிறவள் நான் இல்லை. இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள்.

கோவிலையும் சொல்ல வேண்டும். அது அருமையான இடம், சந்தேகமில்லை. யாழ்ப்பாணத்து யோகசுவாமியிடம் தீட்சை பெற்ற அமெரிக்கர் சிவாய சுப்ரமுனியசுவாமி 1970-இல் தொடங்கிய ஆதீனம் அது. அங்கே உள்ள 'இறைவன் கோவில்' என்ற சிவன் கோவிலுக்கான கருங்கல் முழுவதையும் கர்நாடகத்தில் கையாலேயே செதுக்கிக் கப்பலில் கொண்டுபோனார்கள். 2023-இல் கும்பாபிஷேகம் ஆனது. அத்தை மகிழ்ந்துபோவார். ஆனால் ராஜகோபாலசுவாமி கோவில் தெப்பக்குளத்தைப் பார்த்து வளர்ந்த மனுஷி, கோவிலுக்கு ஏங்கியா விமானம் ஏறினார்? மன்னார்குடியில் இல்லாதது, லுவாவில் கத்தியின் இரண்டு முனையிலும் நெருப்பை வைத்துச் சுழற்றுகிற சமோவாக்காரர்தான். பெரியவர்களுக்குக் கோவில், நமக்குக் கொண்டாட்டம் என்று பிரித்தது யார்?

இனி பன்றி. அதை வேகவைக்கிற குழிக்கு இமு என்று பெயர். பழுக்கக் காய்ந்த கற்களின் மேல் வாழைத்தண்டும் இலைகளும் பரப்பி, பன்றியை வைத்து மூடி, மணிக்கணக்கில் வேகவிடுவார்கள். பெரும்பாலும் நிகழ்ச்சியின் தொடக்கத்தில் அதைத் திறந்து காட்டுவார்கள். ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பத்து நிமிடம் தள்ளிப்போய் நின்றுவிட்டு, அது முடிந்ததும் வந்து உட்காரலாம். அத்தை கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் கறிக்கடைகளைத் தாண்டிப் போனவர்தான், மயங்கி விழ மாட்டார். உடை பற்றிய உங்கள் கவலைக்குச் சிரிப்புத்தான் வந்தது. மேல்சட்டை இல்லாத ஆண்களைச் சுவாமி புறப்பாட்டில் எழுபது வருடமாகப் பார்க்கிறவர் அவர்.

சாப்பாட்டில் அவருக்கு ஒன்றுமே இருக்காது என்பதும் தவறு. லுவாவ் என்ற சொல்லுக்கே சேம்பின் இளம் இலை என்றுதான் அர்த்தம். அந்த இலையைத் தேங்காய்ப்பாலில் வேகவைப்பார்கள், கோழியோ ஆக்டோபஸோ சேர்ப்பதுண்டு என்பதால் அதைத் தொட வேண்டாம். லாவ்லாவ் என்று இலையில் கட்டி வருவதும் வேண்டாம், உள்ளே பன்றிதான் இருக்கும். பொய் என்று ஒன்று வைப்பார்கள் (பெயரைக் கேட்டு அத்தை சிரிப்பார்). சேப்பங்கிழங்கை வேகவைத்து இடித்துக் கூழாக்கியது. இரண்டு நாள் ஆனால் புளிக்கும், நம் பழையது மாதிரி. சேம்பைச் சரியாக வேகவைக்காவிட்டால் நாக்கு அரிக்கும் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு அவர் பாடமே எடுப்பார். பொய்ப் பாத்திரம் திறந்திருக்கும்போது அந்தப் பந்தியில் யாரும் சண்டை போடக் கூடாது என்பது ஹவாய் வழக்கம். ஹவுப்பியா என்ற தேங்காய்ப்பால் இனிப்பில் முட்டை கிடையாது. சோறும் பழமும் இருக்கும். சைவம் என்று முன்கூட்டியே சொன்னால் பல இடங்களில் தனித் தட்டு கொடுப்பார்கள், டிக்கெட் மாற்றும்போதே கேளுங்கள்.

உண்மையாகவே யோசிக்க வேண்டியது மூன்று வயதுக்காரனைப் பற்றித்தான், அதை நீங்கள் எழுதவே இல்லை. கோடையில் ஹவாய் உங்கள் கலிஃபோர்னியாவுக்கு மூன்று மணி நேரம் பின்னால். அங்கே இரவு எட்டு மணிக்கு நெருப்பாட்டம் வரும்போது அவன் உடம்புக்குப் பதினொன்று. முரசு சத்தத்தில் அலறலாம், அல்லது பாட்டி மடியில் தூங்கிவிடலாம். அதனால் போய்ச் சேர்ந்த அன்றைக்கே வைக்காமல் வாரக் கடைசியில் வையுங்கள், அன்று மதியம் தூங்கவையுங்கள், வரிசையின் ஓரமாக இடம் கேளுங்கள். அவன் வயதுக்குச் சில இடங்களில் காசே இல்லை, சில இடங்களில் உண்டு. அவனைக் காரணம் காட்டி ஒரு கிழவியை ரூமில் உட்கார வைப்பதற்கு எங்கும் சலுகை கிடையாது.

இது அசலான ஹவாய்க் கலையா, டூரிஸ்ட் நாடகமா என்று யாராவது உங்களைக் குழப்பியிருந்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கலவைதான். நெருப்பாட்டம் சமோவாவுடையது, வேகமான இடுப்பாட்டம் தஹிட்டியுடையது. ஹவாயின் சொந்த நடனமான ஹூலாவின் முழு அழகைப் பார்க்க வேண்டுமானால் ஈஸ்டரை ஒட்டி இன்னொரு தீவில், ஹிலோ என்ற ஊரில் நடக்கும் மெர்ரி மோனார்க் விழாவுக்குத்தான் போக வேண்டும். அது வேறு பயணம். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு லுவாவைப் பெரிதாக நடத்துவது எதற்குத் தெரியுமா? குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு. தூத்தூ இல்லாமல் அது நடக்காது. தூத்தூ என்றால் பாட்டி.

ஆகவே, போங்கள். ஐவரும் போங்கள். 150 டாலர் உறுத்தினால் ஒருவரும் போக வேண்டாம், வேறு தீவில் உள்ள வைகிகி போன்ற இடங்களிலும் கடைவளாகங்களிலும் இலவசமாகவே ஹூலா ஆடுகிறார்கள், கவாயிலும் விசாரித்துப் பாருங்கள். மூன்று பேர் போவது என்ற யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். அத்தையிடம் 'வருகிறீர்களா' என்று மறுபடி கேட்டு அவரிடமிருந்து இன்னொரு 'வேண்டாம்' வாங்கிக்கொள்ளாதீர்கள். உங்கள் கணவர் போய், 'அம்மா, வியாழக்கிழமை சாயங்காலம் நாலரைக்குக் கிளம்புறோம், அந்த நீலப் புடவையைக் கட்டிக்கோ' என்று சொல்லட்டும். எந்தக் கிழமை, எந்தப் புடவை என்பதை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

அந்தத் தீவில் மழை எப்போது வேண்டுமானாலும் வரும், ஒரு சால்வையும் கொசு மருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். தயிர்சாதத்தை ரூம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போங்கள். ஒன்பது மணிக்குத் திரும்பி வந்ததும் எல்லாருக்கும் பசிக்கும்.